நிறுத்தி வைத்தால் காற்றாலை நீடிக்குமா?
“பழைய டச்சுக் காற்றாலையைச் சுற்றவிட்டால் தேய்ந்துபோகும், பூட்டி வைப்பதே பாதுகாப்பு” என்று சிலர் சொல்வது தவறு. மர ஆலையைக் கெடுப்பது பெரும்பாலும் ஓய்வுதான். இறக்கைகள் மாதக்கணக்கில் ஒரே நிலையில் நின்றால் மழைநீர் ஒரே மூட்டில் தேங்கும். மரமானால் உளுத்துப்போகும், இரும்பானால் உள்ளிருந்து துருப்பிடிக்கும். யாரும் ஏறிப் பார்க்காத கோபுரத்தில் வண்டு துளைப்பதும் கூரை ஒழுகுவதும் தாமதமாகத்தான் தெரியவரும்.

தேய்மானம் இல்லாமல் இல்லை. அதற்குத்தான் மசகு: இறக்கைகளைச் சுமக்கும் அச்சின் கழுத்து அமரும் கல் தாங்கிக்குப் பன்றிக் கொழுப்பு, சக்கரங்களின் மரப்பற்களுக்குத் தேன்மெழுகு. மெழுகுக்குப் பதில் கிரீஸ் பூசினால் தூசி ஒட்டி மரம் அரைபடும். தானியம் இல்லாமல் ஓட்டும்போது அரைகற்கள் ஒன்றையொன்று தொடக்கூடாது. பலத்த காற்றில் ஓடும் ஆலையை பிரேக்கால் மட்டும் அடக்கப் பார்த்தால் உராய்வில் தீப்பிடிக்கலாம். இது பழைய ஆபத்து.

ஆக, பூட்டு அல்ல, தேர்ந்த ஆள் வேண்டும். நெதர்லாந்தில் 1972 முதல் தன்னார்வ ஆலைக்காரர்களுக்கென்றே ஒரு சங்கம் இயங்குகிறது. 2017இல் யுனெஸ்கோ மரபுப் பட்டியலில் சேர்த்ததும் கட்டடத்தை அல்ல, ஆலை ஓட்டும் கைத்தொழிலை.