மூடி வைத்த பிரேக் ஆயில் கெடாதா?

“பிரேக் ஆயில் கெட்டுப்போகாது; மீதியை இறுக மூடி வைத்தால் எத்தனை வருடம் கழித்தும் ஊற்றலாம், லெவல் குறைந்தால் டாப்-அப் போதும்” என்று ஒரு செய்தி சுற்றி வருகிறது. இது தவறு, ஆபத்தானதும்கூட.

பிரேக் ஆயிலின் தர வகைகளான டாட் (DOT) 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகோல் என்ற வேதிப்பொருளை அடிப்படையாகக் கொண்டவை. காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. சுமார் 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிதான். நீண்ட மலை இறக்கத்தில் காலிப்பர் (சக்கரத்தில் பிரேக் பேடை அழுத்தும் பகுதி) சூடேறும்போது ஆயில் கொதித்து ஆவிக்குமிழி உண்டாகும். குமிழி அமுங்கும், திரவம் அமுங்காது. அதனால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது.

பாதி காலியான டப்பாவுக்குள் இருக்கும் காற்றிலேயே ஈரம் உண்டு. சீல் உடைத்த மீதியைச் சேமிக்காதீர்கள். சிறிய டப்பாவாக வாங்குங்கள்.

லெவல் இறங்கினால் முதலில் பேட் தேய்மானத்தையும் கசிவையும் பாருங்கள். டாப்-அப் செய்தாலும் காலிப்பரில் இருக்கும் பழைய ஆயில் அங்கேயேதான் இருக்கும். பெரும்பாலான வண்டிகளுக்கு 2 ஆண்டுக்கொரு முறை முழுதாக மாற்ற வேண்டும். கையேட்டில் உள்ள இடைவெளியே முடிவானது. காலிப்பரிலுள்ள பிளீட் நிப்பிளில் (பழைய ஆயிலை வெளியேற்றும் சிறு திருகு) தெளிவான குழாய் மாட்டி, பெடலை அழுத்திய நிலையில் நிப்பிளைத் திறந்து, பெடலை விடும் முன் மூடுங்கள். குழாயில் பழுப்பு நிறம் மாறி, குமிழியின்றிப் புது ஆயில் வரும்வரை தொடருங்கள். இடையில் ரிசர்வாயர் (ஆயில் ஊற்றும் தொட்டி) காலியானால் காற்று புகுந்துவிடும்.

டாட் 5 சிலிகான் வகை. மற்றவற்றோடு கலக்கவே கூடாது. கிளைகோல் வகை ஆயில் பெயின்ட் மேல் சிந்தினால் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.