பேட்டரிகிட்ட ஃபியூஸ் கண்டிப்பா வேணும்ணா
அண்ணா, கார்ல பாட்டு சவுண்டுக்கு ஆம்ப் (ஆம்ப்ளிஃபயர்) மாட்டுறத பத்தின போஸ்ட்ல, ஆம்ப்லயே ஃபியூஸ் இருக்கு பேட்டரிகிட்ட தனியா தேவையில்ல, எர்த் ஒயர (ஆம்ப்போட மைனஸ் ஒயர்) சீட் போல்ட்ல கட்டுனா போதும்னு போட்டிருக்கீங்க, ரெண்டுமே தப்புண்ணா. ஆம்ப் ஃபியூஸ் ஆம்ப்பதான் காப்பாத்தும், பேட்டரில இருந்து டிக்கி வரைக்கும் ஓடுற ஒயர யார் காப்பாத்துவா? வழியில தகரம் அறுத்து பாடில பட்டுச்சுன்னா அந்த ஃபியூஸ் போகவே போகாது, ஒயர்தான் பழுத்து எரியும், நம்ம வேலூர் வெயில்ல பானெட்டுக்குள்ள ஏற்கனவே என்ன சூடுன்னு தெரியும்ல. பேட்டரி பிளஸ்ல இருந்து 18 இஞ்சுக்குள்ள, ஒயர் தாங்குற ஆம்பியருக்கு ஏத்த ஃபியூஸ் போடுங்க, ஒயர் தகரத்துல நுழையுற ஓட்டைல ரப்பர் வளையமும் மாட்டுங்க. எர்த் ஒயர் பவர் ஒயர் அளவு தடிமன்ல, குட்டையா இருக்கணும், பாடில பெயிண்ட்ட சுரண்டி வெறும் தகரம் பளபளன்னு தெரிஞ்சாதான் முறுக்கணும். சீட் போல்ட் ஆக்ஸிடென்ட் ஆனா உயிர காப்பாத்துறது, அதுல கை வைக்காதீங்க. காட்பாடில ஒயர் வாங்குறப்போ ஒரு இழைய பிளேடால சுரண்டி பாருங்க, உள்ள வெள்ளையா இருந்தா அலுமினியத்து மேல காப்பர் பூசுனது, அதே கரண்டுக்கு இன்னும் தடி ஒயர் வேணும்.