யாருக்குமே முன்னாடி தெரியாதா?

ஒரு பெரிய வேலை ஊத்திக்கிட்ட மறுநாள் காலை எந்த ஆபீஸுக்குள்ள போனாலும் ஒரே காட்சிதான். எல்லாரும் சீக்கிரமே வந்திருப்பாங்க. யாரும் யார் முகத்தையும் பாக்க மாட்டாங்க. கீபோர்டு சத்தம் வழக்கத்தை விட ஜாஸ்தியா கேக்கும். வேலை ஒண்ணும் நடக்காது.

எங்க ஆபீஸ் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில, மாடியில. சுத்துப்பட்டு ஊர்கள்ல கிளை வச்சிருக்கிற ஒரு மளிகைக் கடைக்குப் புது பில்லிங் சாஃப்ட்வேர் செஞ்சு கொடுத்தோம். எங்களுக்கு அது வீட்டுக் கல்யாணம் மாதிரி. தீபாவளிக்கு முந்துன வாரம் ஓட விட்டோம். கூட்டம் ஏற ஏற அத்தனை கவுண்டரும் ஒண்ணா நின்னுபோச்சு. கடை அண்ணாச்சி திட்டவே இல்ல. "சரி தம்பி, பழைய பில் புக்கையே எடுத்துக்கிடுதோம். நீங்க சாப்பிட்டுட்டுப் போங்க"ன்னார். நாலு வார்த்தை ஏசியிருந்தா தேவலைன்னு இருந்துது.

மறுநாள் ஆபீஸ் மேசையில அல்வாப் பொட்டலம். ஜெயிச்சா கொடுக்கணும்னு முந்துன நாளே வாங்கி வச்சது. அதைப் பாத்ததும் எல்லாருக்கும் ஒரே ஜோக்தான் வாய் வரைக்கும் வந்திருக்கும், திருநெல்வேலிக்காரனுக்குச் சொல்லியா தரணும். ஒருத்தரும் சொல்லல. பொட்டலத்தைப் பிரிக்கவும் இல்ல.

பத்து மணிக்கு மீட்டிங். மேனேஜர் கேட்டார்: "இப்படி ஆகும்னு யாருக்குமே முன்னாடி தெரியாதா?"

எல்லார் தலையும் ஒரு பக்கமாத் திரும்பி, பாதியில நின்னுச்சு. டெஸ்டிங்ல இருக்கிற ஒரு பிள்ளை, தினமும் பாவூர்சத்திரத்துல இருந்து பஸ்ல வாறவ, முந்துன வாரமே அவர்கிட்ட சொல்லியிருந்தா: "நாம நாலு கவுண்டர் வச்சுதான் ஓட்டிப் பாத்திருக்கோம். கடையில இருபதுக்கு மேல இருக்கு சார்." "நல்ல காரியம் நடக்கப் போகும்போது அபசகுனமா பேசாதம்மா"ன்னு சிரிச்சுட்டே போனவர்தான் இப்ப கேக்கார். அவ தண்ணி பாட்டில் மூடியைத் திருகிட்டே இருந்தா. அவரும் அவ பக்கம் பாக்கல.

தெரியும்னு சொன்னா திமிரு. தெரியாதுன்னு சொன்னா தகுதியில்லாதவ. வாயை மூடிட்டு இருக்கிறதைத் தவிர அவ என்ன செய்வா? தோத்துப் போனதை விட இந்த ஒரு கேள்விதான் ஆபீஸைக் கெடுக்குங்கிறது என் கட்சி.

இதுக்கு எங்கயும் தூரமாப் போக வேண்டாம், காவல்கிணறு பக்கத்துல இஸ்ரோ ராக்கெட் எஞ்சின் சோதிக்கிற மகேந்திரகிரி இருக்கு. அங்க சோதிச்ச நம்ம நாட்டுக் கிரையோஜெனிக் எஞ்சினோட (கடுங்குளிர்ல திரவமாக்குன எரிபொருள்ல ஓடுறது) கிளம்புன முதல் ஜிஎஸ்எல்வி ராக்கெட் 2010 ஏப்ரல் 15-ல தோத்துது. எஞ்சின் சரியா எரிய ஆரம்பிச்சுது, ஆனா எரிபொருளைத் தள்ளுற பூஸ்டர் டர்போ பம்ப் நின்னுபோச்சு. விசாரணைக் குழு அறிக்கை பம்பைப் பத்திப் பேசுச்சு; ஆளைப் பத்தி இல்ல. அதே வருஷம் டிசம்பர் 25-ல அடுத்த ஜிஎஸ்எல்வியும் போச்சு. அப்புறம் 2013 ஆகஸ்ட் 19. நாடே பாத்துட்டு இருக்கு, கிளம்ப 74 நிமிஷம்தான் பாக்கி. ராக்கெட்டோட இரண்டாம் கட்டத்துல எரிபொருள் கசிவு. நிறுத்திட்டாங்க. வரிசையா ரெண்டு தடவை அடி வாங்கின ஒரு இடத்துல, மூணாவது தடவை 'நிறுத்து'ன்னு சொல்ல முடிஞ்சுது பாருங்க. அந்தக் கட்டத்தையே மாத்தி, டேங்குக்கு வேற அலுமினியக் கலவை போட்டு, 2014 ஜனவரி 5-ல ஏவி ஜெயிச்சாங்க.

2019 செப்டம்பர்ல நிலாவுல இறங்கப் போன சந்திரயான்-2-ஓட விக்ரம் லேண்டர் தொடர்பு அறுந்தப்போ, அப்ப இஸ்ரோ தலைவரா இருந்த சிவன் சார் கண் கலங்குனதையும் பிரதமர் கட்டிப் பிடிச்சதையும் பத்தி இன்னைக்கும் சண்டை போடுறாங்க. எனக்கு அது பெருசாத் தெரியல. சந்திரயான்-3-ஐ எதெல்லாம் தோத்துப் போகும்னு யோசிச்சு, அதுக்குத் தக்கன வடிவமைச்சோம்னு அவருக்கு அடுத்து தலைவரா வந்த சோம்நாத் சொன்னாரே, அதான் பெருசு. போன தடவை அரை கிலோமீட்டர் சதுரமா இருந்த இறங்குற இடத்தை ஏறத்தாழ 4 கிலோமீட்டருக்கு 2.5 கிலோமீட்டர்னு விரிச்சாங்க. நம்ம ஆபீஸ்ல அபசகுனம்னு சொல்றதை அங்க உக்காந்து பட்டியல் போட்டிருக்காங்க.

'ராக்கெட்டும் மளிகைக் கடை பில்லும் ஒண்ணாவே?'ன்னு கேப்பீங்க. அங்க அரசாங்கப் பணம், இங்க மேனேஜர் ஒண்ணாந்தேதி சம்பளம் போடணும். அவர் கஷ்டம் எனக்கும் தெரியும். ஆனா "நீ சொன்னே, நான்தான் கேக்கல"ன்னு ஆரம்பிக்க காலணா செலவு இல்ல. அதைச் சொல்லிட்டு அல்வாவையும் பிரிச்சிருந்தா அன்னைக்கு மத்தியானமே வேலை ஆரம்பிச்சிருக்கும்.

நடந்தது வேற. இப்ப பக்கத்து சீட்டுக்காரன்கிட்ட ஒரு சந்தேகம் கேக்கணும்னாலும் மெயில்தான், சிசி-யில மேனேஜர். நாளைக்கு எவனாவது கேட்டா காட்டணும்ல. பேசி முடிச்சா பத்து நிமிஷத்துல தீர்ற வேலை ரெண்டு நாள் இழுக்கு. பொங்கலுக்குள்ள அண்ணாச்சி கடையில மறுபடியும் ஓட விடணுமாம். இந்தத் தடவை எத்தனை கவுண்டர் வச்சு டெஸ்ட் பண்ணணும்னு அந்தப் பிள்ளைகிட்ட இதுவரைக்கும் யாரும் கேக்கல. அவளும் சொல்லல.