தீர்ப்பைப் பாதியில் நிறுத்தாதீர்கள்

நாத்திகமும் மதம்தான் என்று ஒரு கட்டுரை வாதிடுகிறது. அதை நிறுவ, கட்டுரையாளர் 2005-இல் வந்த அமெரிக்கத் தீர்ப்பைத் துணைக்கு இழுக்கிறார். விஸ்கான்சின் சிறையில் ஒரு கைதி, நாத்திகர்கள் கூடிப் படிக்க ஒரு குழு கேட்டார். நிர்வாகம் அதை மதக் குழுவாகவே கருதாமல் மறுத்துவிட்டது. மற்ற மதத்தார் கூடலாம், இவர் கூடக் கூடாதா என்பதுதான் கேள்வி. அந்தப் பாரபட்சத்தைத் தட்டிக்கேட்கத்தான் ஏழாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தத்தைப் (அரசு எந்த மதத்துக்கும் சலுகை காட்டக் கூடாது, யாருடைய மத சுதந்திரத்தையும் பறிக்கக் கூடாது என்பது அது) பொறுத்தவரை நாத்திகத்தை மதமாக எடுத்துக்கொண்டது. வேதமும் பூசாரியும் இருக்கிறார்கள் என்றா சொன்னது? அப்புறம் இன்னொன்று: தன் மத சுதந்திரம் பறிபோனது என்று அவர் வைத்த வாதத்தை அதே நீதிமன்றம் ஏற்கவில்லை. குழு இல்லாவிட்டால் நாத்திகராக இருக்க முடியாது என்பதற்கு ஆதாரம் இல்லையாம்! கட்டுரையில் இதைக் காணோமே?