ஃப்ளையிங் டைகர்ஸ் 1937ல வரல
மேல ஒருத்தர் "1937லயே அமெரிக்கா ஃப்ளையிங் டைகர்ஸ அனுப்பி சீனாவ காப்பாத்துச்சு, வேற எவனும் எட்டிக்கூட பாக்கல"ன்னு போட்டிருக்காரு, அதுக்கு இத்தன லைக் வேற. ரெண்டுமே தப்புங்க. ஃப்ளையிங் டைகர்ஸ்ங்கறது 1937ல ஆரம்பிச்ச சீனா-ஜப்பான் போர்ல, பின்னாடி சீனா பக்கம் பறந்த அமெரிக்க பைலட்டுங்க படை. அந்தப் படையோட தலைவர் செனால்ட் 1937லயே சீனாவுக்குப் போனது உண்மைதான், ஆனா அந்த ஆளு அப்ப ஆலோசகர், படையெல்லாம் கையில கிடையாது. டைகர்ஸ் பர்மாவுல டவுங்கூல டிரெய்னிங் எடுத்து, முதல் சண்டை போட்டதே 1941 டிசம்பர் 20, குன்மிங் மேல, அதாவது பேர்ல் ஹார்பர் நடந்து ரெண்டு வாரம் கழிச்சு. அதுவும் அமெரிக்க விமானப்படையா போகல, வேலைய ராஜினாமா பண்ணிட்டு சீனா கிட்ட சம்பளத்துக்குப் போன பைலட்டுங்க, சுட்டு வீழ்த்துற ஒவ்வொரு ஜப்பான் விமானத்துக்கும் 500 டாலர் போனஸ் தனி. அவங்க விமானத்து மூக்குல இருந்த அந்த சுறா வாய் பெயின்டிங்கூட பிரிட்டிஷ் ஸ்குவாட்ரன் படத்தப் பாத்து வரைஞ்சதுதான்.

1937 கடைசியிலேர்ந்து நெசமா வந்து பறந்தது சோவியத் பைலட்டுங்க, "தன்னார்வலர்"னு பேரு மட்டும் வச்சுகிட்டு. ஐ-16 சண்டை விமானம், எஸ்பி குண்டுவீச்சு விமானம்னு எல்லாத்தையும் கடனா குடுத்தாங்க, சீனா டங்ஸ்டனும் தேயிலையுமா திருப்பிக் கட்டுச்சு. 1938 பிப்ரவரி 23ல தைவான் வரைக்கும் போய் தாய்பேல இருந்த ஜப்பான் விமானத்தளத்து மேல குண்டு போட்டது இவங்கதான். செத்துப்போன சோவியத் பைலட்டுங்களுக்கு வூஹான் பார்க்ல நினைவுச்சின்னம் இன்னைக்கும் இருக்கு.