டேவிட் ஷா இறந்தது கருவிக் கோளாறால் அல்ல

நீருக்கடியில் குகைகளில் மூழ்கிச் செல்லும் டேவிட் ஷாவைப் பற்றி, "ரீபிரீதர் பழுதானதால்தான் டேவிட் ஷா இறந்தார், நல்ல கருவி இருந்திருந்தால் பிழைத்திருப்பார்" என்று எழுதியிருக்கிறீர்கள். ரீபிரீதர் என்பது வெளிவிடும் மூச்சைச் சுத்தம் செய்து மறுபடி சுவாசிக்கத் தரும் கருவி. நீங்கள் எழுதியது தவறு. இரண்டு பேருக்கு நடந்தது அதில் கலந்துவிட்டது. 2005 ஜனவரி 8 அன்று தென்னாப்பிரிக்காவின் புஷ்மன்ஸ் ஹோல் என்ற நீர் நிறைந்த குகையில் ரீபிரீதரின் கட்டுப்பாட்டுக் கருவி உடைந்தது துணைக்கு இறங்கிய டான் ஷெர்லிக்கு. அவர் பாதியில் திரும்பிப் பிழைத்தார்.

ஷாவைக் கொன்றது கரியமில வாயு. 270 மீட்டர் ஆழத்தில், ஹீலியம் கலந்த காற்றுகூட அடர்த்தியாகிவிடும். கொஞ்சம் உடம்பை வருத்தினாலே கரியமில வாயு வெளியேறாமல் இரத்தத்தில் தேங்கும், மூச்சு வாங்கும், புத்தி மழுங்கும். கருவி சரியாக ஓடினாலும் இது நடக்கும்.

1994-ல் அங்கே மூழ்கி இறந்த டியான் டிரையரின் உடலைப் பையிலிட்டு மீட்கத்தான் ஷா போனார். உடல் சேற்றில் அசையாமல் கிடக்கும் என்பது கணக்கு. அதுவோ மிதக்கத் தொடங்கியது. திட்டம் பொய்த்த அந்தக் கணமே திரும்பியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. அவரோ உடலைப் பையிலிடப் போராடினார். வழக்கமாகக் கழுத்தைச் சுற்றிப் போடும் விளக்கின் ஒயரைத் தலைக்கவசக் கேமராவால் அன்று அப்படிப் போட முடியவில்லை, அது கயிற்றில் சிக்கிக்கொண்டது.

இதை வெறும் அகங்காரம் என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. மகனை மீட்டுத் தருகிறேன் என்று டிரையரின் பெற்றோரிடம் சொல்லியிருந்தார். அந்த வாக்கும் ஒரு சுமைதான்.

ஆழத்துக்குப் போக ஆசைப்படும் பிள்ளைகளும் இதைப் படிக்கிறார்கள். அந்த வரியைத் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.