தேதி யாரையும் கொல்வதில்லை

பெரிய பேரழிவுகள் எல்லாம் 26ஆம் தேதியில்தான் நடக்கின்றன என்று சொல்லிச் சுற்றுகிற அந்த '26ஆம் தேதிப் பட்டியல்' பற்றி மறுபடியும் எழுத வேண்டியிருக்கிறது. முதல் பதிவுக்கு வந்த பதில்களைப் படித்த பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை. யார் பகிர்ந்தார், கீழே எத்தனை பேர் 'மெய்சிலிர்க்கிறது' என்று எழுதினார்கள் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். பெயர் சொல்லப்போவதில்லை.

நான் சொல்வது ஒன்றுதான். தேதி எதையும் செய்வதில்லை. ஒரே தேதியில் இரண்டு பேரழிவுகள் நடந்தால், இரண்டுக்கும் தனித்தனிக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைப் பாருங்கள்.

பட்டியலையே எடுத்துக்கொள்வோம். 2001 ஜனவரி 26 குஜராத் பூகம்பம், சரி. 1963 ஜூலை 26 அன்றைய யூகோஸ்லாவியாவின் ஸ்கோப்யே நகரப் பூகம்பம், சரி. 2003 டிசம்பர் 26 ஈரானின் பாம் நகரப் பூகம்பம், 2004 டிசம்பர் 26 சுனாமி, இரண்டும் சரி. அப்புறம்? சீனாவின் தாங்ஷான் பூகம்பம் நடந்தது 1976 ஜூலை 28. துருக்கியின் எர்சிஞ்சான் 1939 டிசம்பர் 27. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா 2006 மே 27. அதே நாட்டின் கிரகடோவா எரிமலையின் உச்சச் சீற்றம் 1883 ஆகஸ்ட் 26 அன்று தொடங்கியது உண்மை. ஆனால் தீவையே பிளந்து, 36,000 பேருக்கு மேல் பலிவாங்கிய வெடிப்புகள் மறுநாள் காலையில்தான். இவை எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு வந்து 26இல் உட்கார வைத்திருக்கிறார்கள். செத்துப்போனவர்களின் நாளை மாற்றி எழுதுவது சின்னத் தப்பு இல்லை. அந்தக் குடும்பங்கள் வருஷா வருஷம் நினைவுகூர்கிற நாள் அது.

உடனே ஒருவர் வருகிறார்: 'உலகப் பொது நேரப்படி எர்சிஞ்சானும் யோக்யகர்த்தாவும் 26தான்.' ஆமாம், அப்படித்தான். தாங்ஷான் அப்போதும் 27தான் வருகிறது என்பது ஒரு பக்கம். கடிகாரத்தை மாற்றினால் தேதி மாறும் என்றால் எந்தக் கடிகாரத்தை நம்பிப் பயப்படுவது? சுமத்ரா அருகே கடலடித் தட்டு விலகியபோது அங்கே 26 காலை ஏறத்தாழ எட்டு மணி. நியூயார்க்கில் அப்போது 25 இரவு. 1941இல் ஜப்பான் ஹவாயிலுள்ள முத்துத் துறைமுகத்தை (பேர்ல் ஹார்பர்) தாக்கிய நாள் டிசம்பர் 7 என்கிறோம். அதற்கு ஏறத்தாழ ஒரு மணி நேரம் முன்பே மலாயாவின் கோட்டா பாருவில் ஜப்பானியப் படை தாக்குதலைத் தொடங்கிவிட்டது. ஆனால் அங்கே தேதி டிசம்பர் 8. முந்தி நடந்ததற்குப் பிந்திய தேதி. நாள்காட்டி மனிதன் போட்ட கோடு. பூமிக்கு அது தெரியாது.

கணக்கும் கடினமில்லை. ரிக்டர் 7க்கு மேற்பட்ட பூகம்பங்கள் உலகில் ஆண்டுக்குச் சராசரியாகப் பதினைந்து வருகின்றன. நூறு ஆண்டுக்கு ஆயிரத்து ஐந்நூறு. மாதத்தில் எந்தத் தேதியை வேண்டுமானாலும் எடுங்கள், ஏறத்தாழ ஐம்பது விழும். 12ஆம் தேதிக்கும் பட்டியல் போடலாம், 19க்கும் போடலாம்.

19 என்றதும் மெக்சிகோவைக் கொண்டுவருவீர்கள், தெரியும். 1985, 2017, 2022 என மூன்று ஆண்டுகளிலும் செப்டம்பர் 19 அன்று பெரிய பூகம்பம். இதைக் கேட்டால் எனக்கும் உடம்பு ஒரு நிமிடம் சிலிர்க்கிறது, மறைக்கவில்லை. 'பூகம்பப் பாதுகாப்பு ஒத்திகை நடந்த அன்றைக்கே எப்படி வந்தது?' என்று வேறு கேட்கிறார்கள். அந்த ஒத்திகையே 1985இன் நினைவாக அதே தேதியில் நடத்தப்படுவது. அப்படியிருக்க அதைத் தனி அதிசயமாக எண்ணக் கூடாது. மெக்சிகோ நகரம் பழைய ஏரிப் படுகையின் மேல் எழுந்த நகரம். அந்த மென்மண் அதிர்வைப் பல மடங்கு பெருக்குகிறது. எந்த மாதம் வந்தாலும் பெருக்கும். அதைப் பேசுங்கள்.

என் கோபமே இதில்தான் இருக்கிறது. பாம் நகரில் 26,000 பேருக்கு மேல் இறந்தார்கள், காரணம் அதிகாலைத் தூக்கத்தில் தலைமேல் சரிந்த மண்கட்டி வீடுகள். சுனாமியில் இரண்டு லட்சத்துக்கு மேல் போனார்கள். இலங்கைக் கரைக்கு அலை வந்து சேர ஏறத்தாழ இரண்டு மணி நேரம் இருந்தது. பசிபிக்குக்குப் பல பத்தாண்டுகளாக எச்சரிக்கை அமைப்பு இருந்தது, இந்தியப் பெருங்கடலுக்கு அன்று இல்லை. இரண்டு மணி நேரம் போதும், குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடலாம். அதைச் சொல்ல ஆள் இல்லாமல் போனதுதான் கொன்றது. தேதியைக் குற்றவாளி ஆக்கினால் சுவர் தப்பித்துக்கொள்கிறது, கட்டியவர் தப்பித்துக்கொள்கிறார், எச்சரிக்கை அமைப்புக்குப் பணம் ஒதுக்காதவர்களும் தப்பித்துக்கொள்கிறார்கள்.

'அப்படியானால் ஒரே நாளில் நடந்தவற்றைச் சேர்த்துப் பார்ப்பதே தப்பா?' என்று கேட்டவருக்கு: இல்லை. எனக்கு அதில் தீராத ஆசை உண்டு. 1871 அக்டோபர் 8 அன்று சிகாகோ எரியத் தொடங்கியது, ஏறத்தாழ 300 பேர் இறந்தார்கள், உலகத்துக்கே தெரியும். அதே இரவு அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் பெஷ்டிகோ என்ற ஊர் எரிந்தது, ஆயிரத்து இருநூறு பேருக்குக் குறையாமல் போனார்கள். யாருக்குத் தெரியும்? இரண்டுக்கும் பின்னால் அந்த ஆண்டின் கடும் வறட்சியும் அன்றைய காற்றும் இருந்தன. சேர்த்துப் பார்த்ததால்தான் பெஷ்டிகோ எனக்குத் தெரிய வந்தது.

நவம்பர் 9ஐப் பாருங்கள். 1918இல் அந்நாளில் ஜெர்மனியில் முடியாட்சி விழுந்தது. 1923இல் மியூனிக்கில் ஹிட்லரின் கலகம் அந்நாளில் நசுக்கப்பட்டது. 1938இல் அந்தக் கலகத்தின் நினைவுநாளுக்காக நாஜிகள் மியூனிக்கில் கூடியிருந்தபோதுதான் அவர்களின் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் தூண்டிவிட, அன்றிரவு யூதர்களின் வழிபாட்டுக் கூடங்கள் எரிந்தன. அங்கே தேதிக்குத் தொடர்பு உண்டு, மனிதர்கள் உண்டாக்கிய தொடர்பு. 1989இல் பெர்லின் சுவர் திறந்ததும் அதே நாளில்தான், அது தற்செயல். எது எது என்று பிரித்துச் சொல்வதுதான் வரலாறு. ஜெர்மனி என்ற ஒரு நாட்டுக்கே இந்தக் கவனம் இருந்தது. சுவர் திறந்த மகிழ்ச்சியையும் 1938இன் அந்தக் கொடுமையையும் ஒரே நாளில் வைக்கத் தயங்கினார்கள், இரு ஜெர்மனிகளும் இணைந்ததைக் கொண்டாடும் ஒற்றுமை நாளை அக்டோபர் 3இல் வைத்துக்கொண்டார்கள்.

'வெறும் ஃபார்வர்டுக்கு இவ்வளவு கோபமா?' என்கிறார்கள். என் அக்கா மகள் பிறந்தது டிசம்பர் 26. சின்ன வயதில் ஓர் ஆசிரியை வகுப்பு முழுக்கக் கேட்கும்படி 'ஐயோ, அந்த நாளா?' என்றார். அன்று முதல் யாராவது பிறந்தநாள் கேட்டால் 'டிசம்பர் கடைசி' என்றுதான் சொல்வாள். தேதி சொல்ல மாட்டாள். கல்லூரிக்குப் போன பிறகுதான் கொஞ்சம் தைரியம் வந்தது. இப்போது அந்தப் பட்டியலுக்குக் கீழே ஒருவர் எழுதுகிறார், இந்தத் தேதியில் பிறந்தவர்கள் போகிற இடத்தில் துக்கம் வருமாம். அதற்கு எழுபதுக்கும் மேல் விருப்பக்குறி. அதில் என் நண்பர்களும் இருக்கிறீர்கள், பார்த்தேன்.

எழுதியவர் 'பொதுவாகத்தான் சொன்னேன்' என்று எனக்குத் தனிச்செய்தி அனுப்பியிருக்கிறார். உலகில் அந்த ஒரு நாளில் பிறந்தவர்கள் மட்டும் ஏறத்தாழ இரண்டு கோடிப் பேர் இருப்பார்கள். அத்தனை பேரையும் பொதுவாகச் சொன்னாரா? விளக்கம் எனக்கு வேண்டாம். நீங்கள் எழுதியதை அவள் படித்துவிட்டாள், இந்தப் பதிவையும் படிப்பாள். மன்னிப்பைப் பின்னூட்டத்தில் எல்லோருக்கும் தெரியும்படி எழுதுங்கள்.